பிரதோஷப் பக்கத்தில் வந்த விளம்பரம்: விதி எது, பொறுப்பு யாருடையது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால், இணைய விளம்பரங்களில் ஆபாசத்தைத் தடுக்க என்ன விதி இருக்கிறது என்ற ஒரே கேள்வி. விவரங்களைப் படித்தால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கோயில் தல வரலாறுகளையும் வழிபாட்டு நேரங்களையும் தரும் தளம் ஒன்றை நடத்துகிறீர்கள். பிரதோஷ நேரப் பட்டியலுக்குக் கீழே முகம் சுளிக்க வைக்கும் விளம்பரம் வந்ததாக வாசகர் ஒருவர் ஸ்கிரீன்ஷாட்டுடன் கடிந்து எழுதியிருக்கிறார். உங்கள் கைபேசியில் பத்து முறை திறந்து பார்த்தும் அது வரவில்லை. நண்பர் ஒருவரோ, ‘அவர் எதைத் தேடினாரோ அதுதான் அவருக்கு வந்திருக்கும், விட்டுத்தள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் அறிய விரும்புவது, அந்த விளம்பரம் எந்த விதியையாவது மீறியதா, மீறியிருந்தால் அதற்கு நீங்களும் பொறுப்பாளியா, இனி வராமலிருக்க உங்கள் கையில் இருக்கும் வழி என்ன என்பதுதான். தமிழ் இணைய இதழ்களின் விளம்பரப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வழக்கறிஞர் அல்லேன், சட்டத்தை வேலைக்குத் தேவையான அளவு படித்தவன், அவ்வளவே.

முதலில் உங்கள் நண்பர் சொன்னதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதை நம்பினால் மற்ற எதையும் செய்யத் தோன்றாது. அதில் பாதி உண்மை இருக்கிறது. உங்கள் பக்கம் ஒருவருடைய கைபேசியில் திறக்கும் அந்தக் கணத்தில், அதில் விளம்பரத்துக்காக விடப்பட்டிருக்கும் இடம் ஏலத்துக்குப் போகிறது. எந்தத் தளம், எந்த வகைக் கருவி, ஏறக்குறைய எந்த ஊர், இந்தக் கருவியில் முன்பு என்னென்ன பார்க்கப்பட்டன என்ற குறிப்புகளோடு போகும் அந்தக் கோரிக்கைக்கு, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பல நிறுவனங்களின் கணினிகள் விலை சொல்ல, அதிகம் சொன்னவரின் விளம்பரம் அங்கே வந்து உட்காருகிறது. கோயம்புத்தூரில் இரவு பத்து மணிக்கு ஒருவர் கண்டதை நீங்கள் மறுநாள் காலை காணாதது இதனால்தான். ஆனால் விலைமலிவான இத்தகைய விளம்பரங்களில் பெரும்பகுதி யாருடைய தேடலையும் பார்த்து வருவதில்லை. ‘தமிழ் மொழிப் பக்கம், ஆண்ட்ராய்டு கைபேசி, தமிழ்நாடு’ என்ற மூன்றே நிபந்தனைகளோடு அள்ளி இறைக்கப்படுகின்றன. வீட்டில் ஒரே கைபேசியைத் தாத்தா முதல் பேத்தி வரை பயன்படுத்துவதையும் மறக்க வேண்டாம். புகார் சொன்னவரின் ஒழுக்கத்தை அவர் கண்ட விளம்பரத்திலிருந்து ஊகிப்பது தவறு. அதை அவரிடமே எழுதுவது அதைவிடப் பெரிய தவறு. எங்கள் அலுவலகத்தில் ஓர் இளைஞர் அப்படிப் பதில் அனுப்பி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அடுத்து விதி. தமிழில் நாம் எல்லாவற்றையும் ‘ஆபாச விளம்பரம்’ என்ற ஒரே பையில் போட்டுவிடுகிறோம். சட்டமும் தொழில் நெறிகளும் அப்படிப் பார்ப்பதில்லை. ஆபாசம் வேறு, ஒரு பிரிவினரை இழிவுபடுத்துவது வேறு, அருவருப்பூட்டுவது வேறு, தன்னளவில் குற்றமில்லாமல் வந்த இடத்துக்குப் பொருந்தாதது வேறு. உள்ளாடை விளம்பரம் ஆடை விற்கும் தளத்தில் விற்பனைப் படம். பிரதோஷ நேரத்துக்குக் கீழே அது சங்கடம். இரண்டு இடத்திலும் படம் ஒன்றுதான், சட்டத்தின் பார்வையும் பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் வாசகரின் கோபத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கடைசி வகை என்பதும், அந்த வகையைத் தொடும் சட்டம் ஏறக்குறைய இல்லை என்பதும் நீங்கள் முதலில் மனத்தில் வைக்க வேண்டியவை.

ஆபாசத்துக்கு வருவோம். மின்னணு வடிவில் ஆபாசமானதை வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 67ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும். வெளிப்படையான பாலுறவுக் காட்சியானால் 67ஏ பிரிவு வந்து அது 5 ஆண்டு, 10 லட்சம் ஆகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவும் மின்னணு வடிவத்தைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டிருக்கிறது. எது ஆபாசம் என்பதற்கு நம் நீதிமன்றங்கள் நெடுங்காலம், எளிதில் கெட்டுப்போகக்கூடிய மனத்தை அது கெடுக்குமா என்ற, 1868ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கொன்றின் அளவுகோலைக் கையில் வைத்திருந்தன. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் பொது அளவுகோலைக் கொண்டும், சூழலோடு சேர்த்தும் பார்க்க வேண்டும் என்றது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவருடைய வருங்கால மனைவியும் ஆடையின்றி நின்ற படம் நிறவெறிக்கு எதிரான செய்தியோடு வெளியானது என்பதால் ஆபாசமல்ல என்று தீர்ப்பாயிற்று. நிர்வாணமே ஆபாசமல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட பிறகு, இடுப்புத் தெரியும் படத்தோடு வந்த விளம்பரத்தை 67ஆம் பிரிவுக்குள் கொண்டுவருவது கடினம் என்பது என் கணிப்பு. கணிப்புதான்; சமூக அளவுகோல் எது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

விளம்பரத்துக்கென்றே எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் உண்டு. பெண்களை இழிவாகச் சித்தரிப்பதைத் தடை செய்யும் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, அத்தகைய விளம்பரத்தை வெளியிடுபவரை மட்டுமன்றி வெளியிடச் செய்பவரையும், ஏற்பாடு செய்பவரையும், அந்த வெளியீட்டில் பங்கெடுப்பவரையும் சேர்த்தே தடுக்கிறது. சொல்லளவில் பார்த்தால் மிக அகலமான வலை. ஆனால் அந்தச் சட்டம் விளம்பரம் என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்தால் சிரிப்பு வரும்: அறிவிப்பு, சுற்றறிக்கை, லேபிள், மேலுறை, பிற ஆவணங்கள், அவற்றோடு ஒளி, ஒலி, புகை, வாயு ஆகியவற்றால் காட்டப்படும் கண்ணுக்குத் தெரியும் எந்தச் சித்திரிப்பும். புகைக்கு இடமிருக்கிறது, இணையத்துக்குப் பெயரளவிலும் இடமில்லை. மின்னணு ஊடகத்தைச் சேர்க்க 2012இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா சட்டமாகவில்லை. கைபேசித் திரையும் ஒளியால் காட்டுவதுதானே என்று வாதிடலாம். வாதம் நல்ல வாதம்தான், ஆனால் அதை உறுதியான தரையாக நினைத்து யாரும் காலூன்ற வேண்டாம்.

சட்டங்களைவிட ஒரு விளம்பரத்தைக் கிட்டத்தில் காட்டினால் விஷயம் விளங்கும். நான் வேலை பார்த்த தளம் ஒன்றில், கட்டுரைகளின் அடியில் ‘இவற்றையும் படியுங்கள்’ என்று சதுரச் சதுரமாக விளம்பரங்கள் வரும் பட்டை இருந்தது. அதில் ஒரு நாள் ஒரு படம் வந்தது. கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் நீளவாக்கில் கீறிய இரண்டு வெண்டைக்காய், பக்கத்தில் ஒரு தேக்கரண்டி தேன். ஆளே இல்லாத படம். கீழே, ‘இரவில் இதைக் குடித்துவிட்டுப் படுங்கள், காலையில் மனைவி சிரிப்பாள்’ என்ற பொருளில் ஒரு வரி. படத்தைச் சோதிக்கும் கணினிக்கு அது காய்கறி. வரியைச் சோதிக்கும் கணினிக்கு அதில் தடுக்கப்பட்ட சொல் ஒன்றும் இல்லை. தமிழ் தெரிந்த எவருக்கும் அரை நொடியில் புரிந்துவிடும். இரட்டை அர்த்தத்தில் நாம் எத்தனை தேர்ந்தவர்கள் என்பதை எந்த வடிகட்டியும் இன்னும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தச் சதுரத்தைத் தட்டினால் வந்த பக்கத்தில் வெண்டைக்காயே இல்லை. ஆண்மை பெருக்கும் சூரணம் ஒன்று பணத்துக்கு விற்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் பலரும் கவனிக்காத ஒரு வழி இருக்கிறது. அந்த விளம்பரம் ஆபாசமா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடலாம். ஆனால் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம், 1954இன் 3ஆம் பிரிவு, பாலுறவு இன்பத்துக்கான திறனைக் காக்கவோ கூட்டவோ செய்யும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்துவதை நேராகவே தடை செய்கிறது. படம் கண்ணியமாக இருந்தாலும் தடைதான். ‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று தொடங்கிய விளம்பரங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தச் சட்டம் என் தந்தையின் பள்ளிப் பருவத்திலிருந்தே நடப்பில் இருக்கிறது என்பது வியப்பாகத்தான் இருக்கும். செயல்படுத்துவதில் இருக்கும் தளர்ச்சி வேறு கதை. நான் சொல்ல வருவது, முகம் சுளிக்க வைக்கும் விளம்பரங்களில் பல ஆபாசம் என்ற பெயரில் பிடிபடாமல் பொய் மருந்து, சூதாட்டம், மோசடி முதலீடு என்ற பெயரில் சுலபமாகப் பிடிபடும் என்பதே. புகார் எழுதும்போது அந்தப் பெயரைச் சொல்லி எழுதினால் கேட்பவர் காது கொடுக்கிறார்.

அருவருப்பையும் இழிவுபடுத்தலையும் கவனிப்பது பெரும்பாலும் தொழில் நெறிதான். 1985இல் மும்பையில் தொடங்கப்பட்ட இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் நெறித்தொகுப்பில் இரண்டாம் அத்தியாயம் இதற்கானது. பெண்களைச் சித்தரிப்பதில் கொச்சையோ, பொதுவாக நிலவும் கண்ணிய அளவுகோலின்படி பரவலாகவும் கடுமையாகவும் மனம் நோகச் செய்யக்கூடிய எதுவுமோ விளம்பரத்தில் இருக்கக் கூடாது என்கிறது. ‘பரவலாகவும் கடுமையாகவும்’ என்ற இரண்டு சொற்களில்தான் விதியின் எல்லை இருக்கிறது. ஒருவர் சங்கடப்பட்டதெல்லாம் மீறல் ஆகாது. 2022 ஜூனில் ‘லேயர் ஷாட்’ என்ற நறுமணத் தெளிப்பானின் விளம்பரங்கள் இந்த எல்லையைத் தெளிவாகத் தாண்டின. தோல் தெரியும் காட்சி எதுவும் அவற்றில் இல்லை. கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாகப் போகிறோமோ என்று ஒரு பெண் அஞ்சும் கணத்தை நகைச்சுவையாக்கியிருந்தார்கள். கவுன்சில் விசாரணை முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொன்னது. தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஜூன் 4ஆம் தேதி, 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளைச் சுட்டி, ட்விட்டரையும் யூடியூபையும் அவற்றை நீக்கச் சொன்னது. பெயர் தெரிந்த நிறுவனம், நாடு முழுவதும் எழுந்த கோபம், கடிதம் அனுப்ப முகவரியுள்ள தளங்கள் என்று எல்லாம் சேர்ந்ததால் அது அத்தனை வேகத்தில் நடந்தது. உங்கள் பக்கத்துக்கு வந்த விளம்பரத்தின் உரிமையாளருக்கு முகவரியே இருக்காது. கவுன்சிலுக்குத் தண்டிக்கும் அதிகாரமும் கிடையாது. அதன் முடிவைப் பின்பற்றாதவரை அரசுத் துறைக்குத் தெரிவிக்க மட்டுமே முடியும். நேற்று பதிவுசெய்து நாளை மூடப்படும் ஓர் இணைய முகவரிக்கு அது அனுப்பும் கடிதத்தை யார் படிக்கப் போகிறார்கள்?

உங்கள் பொறுப்பு பற்றிய கேள்விதான் மிகக் கடினமானது. பிறர் இடும் உள்ளடக்கத்துக்கு வெறும் வழியாக இருப்பவருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அந்த உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்காமலும் மாற்றாமலும் இருக்க வேண்டும், உரிய கவனத்தோடு நடந்துகொள்ளவும் வேண்டும். விளம்பரத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, உங்கள் பக்கத்தின் இடத்தை விளம்பரதாரர்களுக்கு விற்றுத்தரும் இடைநிலை நிறுவனமான விளம்பர வலையமைப்புதான் அனுப்பியது என்பது உங்கள் பக்க வாதம். அந்த இடத்தை ஒதுக்கியதும், அதிலிருந்து வருமானம் பெறுவதும், எந்த வகையைத் தடுக்கலாம் என்ற பொத்தான்களைக் கையில் வைத்திருப்பதும் நீங்கள்தானே என்பது எதிர்வாதம். விளம்பர வலையமைப்புகளுக்கே இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைத்துவிடாது என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு: 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், வணிகக் குறியீட்டு வழக்கொன்றில், கூகுள் தன் விளம்பரத் திட்டத்தில் செயலற்ற வழிப்போக்கர் அல்ல, முனைந்து பங்கெடுப்பவர் என்று கூறியது. அது குறியீடு பற்றிய வழக்கு. ஆபாசத்துக்கும், உங்களைப் போன்ற சிறு தளத்துக்கும் அதை நேரே நீட்டிக்க முடியுமா என்பதில் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. சந்தேகமில்லாத பகுதி ஒன்று: புகார் வந்த பிறகு ஒன்றும் செய்யாமலிருந்தவரின் நிலை, புகார் வந்ததும் நடவடிக்கை எடுத்து அதைத் தேதியோடு குறித்து வைத்தவரின் நிலையைவிட எப்போதும் பலவீனமானது. ஆகவே அந்த வாசகரின் மின்னஞ்சலை அழிக்காதீர்கள்.

நாள்தோறும் உங்களைக் கட்டுப்படுத்துவது சட்டமல்ல, வலையமைப்பின் கொள்கைதான். தமிழ்ப் பக்கங்களுக்குக் கூகுளின் விளம்பர வலையமைப்பான ஆட்சென்ஸ் 2018 பிப்ரவரியில்தான் வந்தது. அதற்கு முன் தமிழ்த் தளங்கள் கிடைத்த வலையமைப்பில் எல்லாம் சேர்ந்து பழகிய பழக்கம் இன்னும் சிலரிடம் மிச்சமிருக்கிறது, கேடு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. கூகுள் தன் விளம்பரதாரர்களுக்கு வெறுப்புப் பேச்சு, அதிர்ச்சியூட்டும் படங்கள், விலங்கு வதை, பேரிடரைக் காசாக்குதல் போன்றவற்றைத் தடை செய்திருக்கிறது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 510 கோடி விளம்பரங்களை அகற்றியதாக அதன் அறிக்கை சொல்கிறது. பரிசோதகருக்குத் தேயிலை விற்கும் பக்கத்தையும் வாசகருக்கு வேறொன்றையும் காட்டும் தந்திரம் தொழிலில் பழையது. அத்தனை பெரிய வலையிலும் மீன் நழுவுவது அதனால்தான். இதே தராசு உங்கள் பக்கத்தையும் நிறுக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசகர் பின்னூட்டத்தில் எழுதிய வசைச்சொல்லும் உங்கள் உள்ளடக்கமாகவே கணக்கிடப்படும். கோபுரச் சிற்பங்களின் நெருக்கப் படங்கள் நிறைந்த பக்கத்துக்கு விளம்பரம் குறைந்தாலும் வியப்பதற்கில்லை. அப்படி வரும் எச்சரிக்கையில் ‘மீறல்’ என்றிருக்கிறதா, ‘கட்டுப்பாடு’ என்றிருக்கிறதா என்று பாருங்கள். முன்னது கணக்குக்கே ஆபத்து. பின்னது அந்தப் பக்கத்துக்கு விலை சொல்பவர்கள் குறைவார்கள் என்பது மட்டுமே.

இனிச் செய்ய வேண்டியவை. உங்கள் ஆட்சென்ஸ் கணக்கில் தடுப்புக் கட்டுப்பாடுகள் என்ற பகுதிக்குள் நுண்ணுணர்வு வகைகள் என்ற பட்டியல் இருக்கும். பாலுறவுக் குறிப்பு, உடல் அதிகம் தெரியும் படங்கள், டேட்டிங், பாலியல் நலம், பரபரப்பூட்டும் செய்திகள், விரைவில் பணக்காரராகும் வழி என்று தனித்தனியாக அடைக்கலாம். இவை எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள் என்பதே என் யோசனை. ஒரு கோயில் தளத்துக்கு இதனால் வரும் இழப்பு பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். சோதிடமும் மாந்திரீகமும் சேர்ந்த வகை ஒன்றும் அதே பட்டியலில் இருக்கும், அங்கேதான் உங்கள் கை நடுங்கும், ஏனென்றால் உங்கள் வாசகர்களுக்கு நல்ல விலையில் வருபவை அவைதான். வசியம் செய்து தருகிறேன் என்பவரையும் ஜாதகம் கணிப்பவரையும் அந்த வகை பிரித்துப் பார்ப்பதில்லை. அதை அடைப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அதன்பின் விளம்பரப் பரிசீலனைப் பக்கத்தில் வாரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, உங்கள் தளத்தில் ஓடியவற்றைக் கண்ணால் பாருங்கள்; தவறானதைக் கண்டால் அந்த ஒன்றை மட்டும் அடைக்காமல் அதை அனுப்பிய விளம்பரக் கணக்கையே அடையுங்கள், இல்லையேல் அதே படம் வேறு முகவரியோடு செவ்வாய்க்கிழமையே திரும்பி வரும். வெண்டைக்காய்ப் படத்தை நாங்கள் நான்கு முறை அடைத்தோம். கடைசியில் அது எங்கள் மூன்றாவது வலையமைப்பு விற்க முடியாமல் போன இடத்தை இன்னொருவருக்குக் கைமாற்றியதால் வந்தது என்று தெரிந்தது. விளம்பரத்தை வரவழைக்கும் அந்த வலையமைப்பின் நிரல்துண்டைப் பக்கத்திலிருந்து எடுத்த அன்றுதான் அது நின்றது. மாத வருமானமும் கொஞ்சம் குறைந்தது. உங்கள் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வலையமைப்புகளின் நிரல் இருந்தால், சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

கண்டுபிடிக்க வேண்டுமானால் ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அதிலும் விளம்பரத்தை மட்டும் வெட்டி அனுப்பிய படம் எதற்கும் உதவாது. எந்தப் பக்கம், எந்த நேரம், எந்த ஊர், எந்தக் கைபேசி என்ற நான்கும் வேண்டும். விளம்பரத்தின் மூலையில் இருக்கும் சிறு முக்கோணத்தையோ மூன்று புள்ளிகளையோ தொட்டால் அனுப்பிய வலையமைப்பின் பெயர் தெரியும், அங்கேயே புகாரும் செய்யலாம். முறையான நிறுவனத்தின் விளம்பரமானால் தரக் கவுன்சிலின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். சமூக வலைத்தளத்தில் கண்டதானால் 2021 விதிகளின்படி அந்தத் தளம் நியமித்திருக்க வேண்டிய குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். சிறார் சம்பந்தப்பட்ட பாலியல் படமானால் இவை எதற்கும் காத்திராமல், படத்தைச் சேமிக்காமல், யாருக்கும் அனுப்பாமல், பக்கத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொண்டு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள்; அத்தகைய படத்தைச் சான்றுக்காக வைத்திருப்பதும் உங்களையே சிக்கலில் மாட்டிவிடும்.

அந்த வாசகருக்கு இன்றே பதில் எழுதுங்கள். ‘அது எங்கள் பக்கத்தில் வந்திருக்கக் கூடாது, இன்னின்ன வகைகளை இன்று அடைத்திருக்கிறோம், மீண்டும் கண்டால் முழுத்திரைப் படத்தோடு நேரத்தையும் கைபேசியின் பெயரையும் தயவுசெய்து அனுப்புங்கள்’ என்ற மூன்று செய்திகள் போதும். திட்டி எழுதும் அளவுக்கு அக்கறையுள்ளவர் அடுத்த முறை அந்த விவரங்களையும் அனுப்புவார். என் அனுபவத்தில், அந்தத் தலைமையாசிரியர் பிறகு மூன்று ஆண்டுகள் எங்களுக்கு அப்படி அனுப்பிக்கொண்டிருந்தார்.